ஃபைனலுக்குப் பழைய சோறு

கிஷ்வர் சௌத்ரி ஜெயிக்கவில்லை. 2021 மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா இறுதிப்போட்டியில் நின்ற மூவரில் மூன்றாவதாகத்தான் வந்தார். 125 புள்ளிகளோடு ஜஸ்டின் நாராயண் கோப்பையைத் தூக்கினார். ஒரே ஒரு புள்ளியில் அதைத் தவறவிட்டவர் பீட் கேம்ப்பெல். கிஷ்வருக்கு 114. ஆனாலும் அந்த சீசனைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் என் வாயில் முதலில் வருவது கிஷ்வர் பெயர்தான். இரண்டரை லட்சம் ஆஸ்திரேலிய டாலர் பரிசு கண்ணெதிரே இருக்க, அத்தனை பெரிய மேடையில் அவர் சமைத்து வைத்தது பழைய சோறு!

வங்காளிகளுக்கு அது பாந்தா பாத். ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் உப்பு, வெங்காயம், பச்சை மிளகாயோடு சாப்பிடுவது. வயல் வேலைக்குப் போகிறவர்களின் உணவு. வங்கதேசத்தில் ஏப்ரல் 14 அன்று புத்தாண்டு பிறக்கும்போது, வறுத்த இலிஷ் மீனைத் தொட்டுக்கொண்டு பணக்காரர் ஏழை எல்லோரும் அதைச் சாப்பிடுவார்கள். மற்ற நாள்களில் அதை விருந்தாளிக்கு வைக்க யாருக்கும் மனம் வராது. அந்தச் சோற்றைத்தான் மெல்போர்ன் அரங்கத்தில், ஜாக் ஸோன்ஃப்ரில்லோ, மெலிஸா லியாங், ஆண்டி ஆலன் என்ற மூன்று நடுவர்கள் முன்னால் கிஷ்வர் கொண்டுவந்து வைத்தார். ஓர் இரவு முழுக்க ஊற வேண்டியதை அரங்கத்துக் கடிகாரத்துக்குள் அடக்க வேண்டும். சோற்றுத் தண்ணீருக்குப் புகை போட்டார். பக்கத்தில் உருளைக்கிழங்கு பர்தா, பொரித்த மத்தி மீன். இப்படி ஒரு சாப்பாட்டைக் கடைசிச் சுற்றில் வைக்கப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் மனசு நிறைந்திருக்கிறது என்று அவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அம்மாவுக்கு ஆங்கிலம் ஓடாது. இந்த நிகழ்ச்சியை அவள் பார்ப்பது முழுக்கப் போட்டியாளர்களின் கையை வைத்துத்தான். யார் வெங்காயத்தை அவசரப்பட்டுக் கருக்குகிறார்கள், யார் உப்பு பார்க்காமலே தட்டில் போடுகிறார்கள், யார் மீனைத் திருப்பத் தெரியாமல் உடைக்கிறார்கள் என்று நடுவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுவாள். பெரும்பாலும் அவள் தீர்ப்புதான் நிற்கும். அன்றைக்குத் தட்டைக் கிட்டத்தில் காட்டியதும் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாள்.

“ஏய், பழைய சோறுடி இது!”

“ஆமாம்மா. அவங்க ஊர்ல உருளைக்கிழங்கு மசிச்சுத் தொட்டுப்பாங்களாம்.”

“மத்தி வச்சிருக்கா பாரு, கெட்டிக்காரி. ஜெயிக்கிறதுக்குன்னு வந்த எடத்துல இத வைக்க ஒரு தைரியம் வேணும்.”

அந்தத் தைரியம்தான் என்னை இத்தனை வருஷமாக இந்த நிகழ்ச்சியில் கட்டிப்போட்டிருக்கிறது. சமையல் போட்டியில் ஜெயிக்க ஆயிரம் வித்தை இருக்கிறது. பிளேட்டில் புள்ளி வைக்கலாம், நைட்ரஜன் ஊற்றலாம். நெருக்கடி வரும்போது அதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, வீட்டில் நாலு பேருக்குப் போடுகிற சாப்பாட்டை அப்படியே தலை நிமிர்ந்து கொண்டுவந்து வைக்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். என் ஓட்டு எப்போதும் அவர்களுக்குத்தான்.

கிஷ்வரை முதல் நாளிலிருந்தே பாருங்கள். தேர்வுச் சுற்றில் அவர் செய்தது மத்தி மீனும் மாங்காயும். இதைப் பார்த்த நிமிஷமே நம் கடற்கரை வீடுகளில் பிறந்தவர்களுக்கு நாக்கில் ஊறிவிடும். வங்கதேசத்துச் சமையலைப் புத்தகமாக எழுதித் தன் பிள்ளைகளுக்கு விட்டுப்போக வேண்டும், அதுதான் கனவு என்று சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது வயது 38. மெல்போர்னில் பிறந்து வளர்ந்தவர், குடும்பத்து அச்சுத்தொழிலில் வேலை. பெரிய உணவகத்துச் சமையற்கட்டில் பயின்றவர் கிடையாது. அங்கிருந்து கிளம்பி, கிச்சுரியும் சுட்ட கத்தரிக்காய் பர்தாவும் ஒரு நாள், தெருவோர புச்காவும் சொட்போட்டியும் ஒரு நாள் என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்தார். வெற்றிலையை வைத்து ஒரு ஐஸ்கிரீம் செய்தாரே, சாப்பாடு முடிந்து பீடா போடுகிற சுகத்தை ஒரு கிண்ணத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்! ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் பிரதான நேரத்தில் வங்காளிப் பெயர்கள் ஒலித்துக்கொண்டே இருந்தன. எதையும் “இது ஒரு மாதிரி கறி” என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்கவில்லை. பர்தாவை பர்தா என்றே சொன்னார். ஒவ்வொரு தட்டுக்கும் அது எந்த வேளைச் சாப்பாடு, யார் சாப்பிடுவது என்று சொல்லித்தான் வைத்தார்.

இறுதிப்போட்டியின் இரண்டாவது நாள் வேறு மாதிரி. சிட்னியின் பேர்பெற்ற சமையல் நிபுணர் பீட்டர் கில்மோர் கொடுத்த இரண்டு பதார்த்தங்களை அச்சு அசலாகத் திருப்பிச் செய்ய வேண்டும். அது துல்லியத்துக்கு வைத்த பரீட்சை. அந்தப் பரீட்சையில் ஜஸ்டினும் பீட்டும் முந்தினார்கள், நியாயம்தான். பெர்த்தில் இளைஞர்களுக்குப் போதகராக இருந்த ஜஸ்டினுக்கு வயது 27, ஃபிஜி இந்திய வம்சாவளி. அவருடைய கோழி டாக்கோவும் கரியில் வாட்டிய கோழியும் மனசில் நிற்கிற சமையல். அவர் ஜெயித்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த முதல் நாள் தட்டு கிஷ்வருடையது. அதை யாரும் அவரிடமிருந்து எடுக்க முடியாது.

ஒளிபரப்பான வாரம் முழுக்க எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு பர்தாதான். கடுகு எண்ணெய்க்காக சௌகார்பேட்டை வரை போய் வந்தேன். கிழங்கை வேகவைத்து உரித்துக்கொள்ள வேண்டும். காய்ந்த மிளகாயை எண்ணெயில் கருக்காமல் வறுத்து, ஆறியதும் உப்போடு சேர்த்து விரலால் நொறுக்க வேண்டும். அதில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தைப் போட்டுக் கசக்கினால் வெங்காயம் தண்ணீர் விடும். அப்புறம்தான் கிழங்கு, கடைசியில் காய்ச்சாத கடுகு எண்ணெய். அந்த எண்ணெய் ஊற்றியதும் மூக்கில் சுள்ளென்று ஏறும் பாருங்கள், அது இல்லாவிட்டால் பர்தாவே இல்லை. பழைய சோற்றை மோர் ஊற்றாமல் நீராகாரத்தோடு வைத்து, மோர்மிளகாய்க்குப் பதில் இதைத் தொட்டுக்கொண்டோம். முதல் வாய்க்கு முகம் சுளித்த அம்மா, மூன்றாவது வாய்க்கு “இன்னும் கொஞ்சம் வை” என்றாள். டெலிவிஷனில் ஒருத்தர் சமைப்பதைப் பார்த்து இன்னொரு நாட்டுச் சாப்பாடு வீட்டுக்குள் வந்து உட்காருவது என்றால் இதுதான்.

அப்படி வீட்டுச் சாப்பாட்டை நம்பி நின்ற இன்னொருவர் சசி செல்லையா. 2018, பத்தாவது சீசன். சிங்கப்பூரில் பிறந்த தமிழர். அங்கே காவல்துறையில் இருந்துவிட்டு அடிலெய்டுக்குக் குடிபெயர்ந்து சிறைக் காவலராக வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் அவர் வருகிற நேரத்துக்கு போன் அடித்தாலும் யாரும் எடுக்க மாட்டோம். நம்மவர் என்பதால் மட்டும் இல்லை, அவர் நின்ற விதம் அப்படி. மற்றவர்கள் பேன்ட்ரிக்குள் பாய்ந்து அள்ளிக்கொண்டு ஓடிவருவார்கள். சசி அவ்வளவு பரபரப்பிலும் நிதானமாக இருப்பார். மசாலா வதங்கும் வரை காத்திருக்கத் தெரிந்தவர். மிளகாயிலிருந்து எண்ணெய் பிரிந்து மேலே வருகிற அந்தக் கட்டத்தைக் கேமரா காட்டும்போது அம்மா சிரிப்பாள். “இவன் விடமாட்டான். எண்ணெ பிரியுற வரைக்கும் கைய எடுக்கல பாரு” என்று அவள் சொன்னதிலேயே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

இறுதிப்போட்டியில் அவர் செய்ததும் இறால் சம்பலும் மீன் குழம்பும்தான்! வாயில் நுழையாத பேர் கொண்ட எதையும் அவர் தேடிப் போகவில்லை. 100-க்கு 93 புள்ளி. எதிரே நின்ற பென் போர்ஷ்டுக்கு 77. அந்த நிகழ்ச்சியின் இறுதிப்போட்டிகளில் அதுவரை யாரும் தொடாத மதிப்பெண். ஒரு தமிழ்க் குடும்பத்து மீன் குழம்பு, உலகம் முழுக்கப் பார்க்கிற போட்டியின் உச்சப் புள்ளியை எழுதி வைத்தது. அன்று வாட்ஸ்அப்பில் என் பள்ளித் தோழிகள் குழுவில் வந்த செய்திகளை இப்போதும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். பிறகு அடிலெய்டில் ‘கஜா பை சசி’ என்று உணவகம் திறந்தார். சென்னையில் சிங்கப்பூர், மலேசியா பக்கத்து பெரனாக்கன் சமையலுக்கென்றே ‘பாண்டன் கிளப்’ தொடங்கப்பட்டபோதும் அதன் சமையலுக்குப் பின்னால் அவர் இருந்தார்.

இலங்கைச் சமையலை அந்த அரங்கத்தில் எடுத்து வைத்த மினோலி டி சில்வாவையும், 2024-இல் அரையிறுதி வரை வந்த சவிந்திரி பெரேராவையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தேங்காய்ப்பாலை எப்போது ஊற்றுவது, எப்போது அடுப்பை அணைப்பது என்று தெரிந்த கைகள் இருவருக்கும்.

இந்த வழியைப் போட்டுக் கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால், 2009-க்குப் போக வேண்டும். முதல் சீசன். ஜூலி குட்வின், போ லிங் யோ என்று இரண்டு பெண்கள் இறுதியில். ஜூலி குடும்பத்துக்குச் சமைத்துப் பழகிய அம்மா. போ கோலாலம்பூரில் பிறந்து, சிறுவயதில் அடிலெய்டுக்கு வந்த ஓவியர். ஆஸ்திரேலியாவில் கிட்டத்தட்ட 37 லட்சம் பேர் அந்த இறுதிப்போட்டியைப் பார்த்தார்கள். ஜூலி ஜெயித்தார். இன்றுவரை ரசிகர்களுக்குள் வாதம் ஓயவில்லை. போவுக்குத்தான் கலைநயம், அவருக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. வீட்டுச் சாப்பாட்டை என்னவென்று பரிசு கொடுப்பது என்ற இளக்காரம் அந்த வாதத்துக்குள் எப்போதும் ஒளிந்திருக்கும். எனக்கு அது பிடிக்காது. ஜூலியின் சமையலில் சூட்சுமம் இல்லை என்பவர்கள், தினமும் மூன்று வேளையும் ருசி மாறாமல் சமைப்பது எவ்வளவு பெரிய கலை என்று அறியாதவர்கள். பரிசு சரியான கைக்குத்தான் போயிற்று.

அதே சமயம் போவைக் காதலிக்காமல் இருக்க முடியுமா? 2020-இல் பழைய போட்டியாளர்கள் 24 பேரை மறுபடி வரவழைத்தார்கள். அவர்களில் போவின் மேஜையைப் பார்க்க வேண்டுமே! மாவு ஒரு பக்கம், முட்டை ஓடு ஒரு பக்கம். எல்லோரும் தட்டில் வைக்கத் தொடங்கும் நேரத்தில் இவர் அப்போதுதான் இன்னொரு பலகாரத்துக்கு மாவு பிசைய ஆரம்பிப்பார். நேரம் முடிய நாலு விநாடி இருக்கையில் கடைசித் துளி குழம்பு தட்டில் விழும். அதைச் சாப்பிட்ட நடுவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். வரையறுத்த நேரத்தில் எளிதாகச் செய்யக்கூடியதைச் செய்து தப்பிப்போம் என்ற நினைப்பே அவருக்குக் கிடையாது. 2024-இலிருந்து அவரே நடுவர் நாற்காலியில். போட்டியாளரின் மேஜைக்கு அவர் வரும்போது, அங்கே நிற்கிறவரின் பதற்றம் தனக்கு நன்றாகத் தெரியும் என்பது அவர் முகத்திலேயே இருக்கும். போட்டியாளராக நின்றவர்தான் அப்படிப் பார்க்க முடியும்.

சரி, இந்த நிகழ்ச்சியில் போட்டியாளர்களைப் பற்றி எனக்கு இவ்வளவு அபிப்பிராயம் ஏன் என்று தெரிய வேண்டுமானால், மேல்மாடத்தைப் பார்க்க வேண்டும். வெளியேற்றச் சுற்று நடக்கும் நாளில் ஆபத்தில் இருப்பவர்கள் கருப்பு ஏப்ரன் கட்டிக்கொண்டு கீழே சமைப்பார்கள். தப்பித்தவர்கள் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கீழே ஒருவர் போனால் மேலே நிற்பவருக்கு லாபம். கணக்கு அப்படித்தான். ஆனால் மேலேயிருந்து என்ன சத்தம் வருகிறது? “அடுப்பைப் பார், பால் பொங்குகிறது!” “ருசி பார், ருசி பார்!” “இப்போதே தட்டில் வைக்க ஆரம்பி!” கீழே ஒருவர் அச்சிலிருந்து கேக்கைக் கவிழ்த்து எடுக்கும்போது, மேலே பத்துப் பேர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அது முழுசாக வெளியே வந்துவிட்டால் கிடைக்கிற கைதட்டலைக் கேட்டால் போட்டி என்றே தோன்றாது, கல்யாண வீட்டில் பாயசம் சரியான பதத்துக்கு வந்துவிட்டது என்று சமையற்கட்டே நிம்மதிப்படுகிற மாதிரி இருக்கும்.

அடித்துக்கொள்வதையும் புறம் பேசுவதையும் காட்டித்தான் ரியாலிட்டி ஷோவை ஓட்ட முடியும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2010-இல் ஆஸ்திரேலியாவில் பொதுத்தேர்தல். ஜூலியா கில்லார்டும் டோனி அபாட்டும் மோதும் தொலைக்காட்சி விவாதம் ஜூலை 25 ஞாயிறு இரவு. அதே இரவில் மாஸ்டர்செஃப் இறுதிப்போட்டி. யார் நேரம் மாற்றினார்கள் தெரியுமா? பிரதமர் வேட்பாளர்கள்தான் மாலை ஆறரைக்கே விவாதத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஒரு நாடே, ஒரு வழக்கறிஞரும் ஓர் இருபது வயதுப் பையனும் சமைப்பதைப் பார்க்க உட்கார்ந்திருந்தது. ஆடம் லியாவ் ஜெயித்தார். இருபது வயது கேலம் ஹான் இரண்டாமிடம். கேலமை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

இந்த நிகழ்ச்சியில் நான் அதிகமாகச் சண்டை போட்டது லாராவுக்காக. லாரா கசாய், கல்யாணத்துக்குப் பிறகு லாரா ஷராட். 2014-இல் இருபதைத் தொடாத பெண்ணாக வந்து ரன்னர்-அப். 2020-இல் மறுபடி வந்து மறுபடி ரன்னர்-அப், எமிலியா ஜாக்சன் ஜெயித்தார். அந்த 2020 சீசனில் லாரா மீது விழுந்த ஒரே குற்றச்சாட்டு: “எப்பப் பாத்தாலும் பாஸ்தா.” என் அலுவலகத் தோழியும் அந்தக் கட்சிதான். மதிய உணவு நேரம் முழுக்க இதே வாதம். நான் கேட்டது ஒன்றுதான். இத்தாலியக் குடும்பத்தில், பாட்டி கையால் மாவு பிசைவதைப் பார்த்து வளர்ந்த பெண், பாஸ்தா செய்யாமல் வேறென்ன செய்வாள்? மேலும், அது ஒரே பாஸ்தாவா? ஒரு நாள் பூரணம் வைத்து மடித்தது, ஒரு நாள் கத்தியால் அறுத்தது, ஒரு நாள் விரலால் உருட்டியது. அந்த மாவு அவர் கையில் உருளும் வேகத்தைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டும் அதன் ஈரப்பதம் சொல்லிவிடுவார். ஒருத்தர் தனக்குத் தெரிந்த ஒன்றில் ஆழமாக இறங்குவதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். தோழி கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. நானும் விடவில்லை.

அந்த 2020 சீசனுக்கு இன்னொரு அருமையும் உண்டு. கொரோனா காலம். படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஊரடங்கு வந்துவிட்டது. நடுவில் ஒரு நாளிலிருந்து நடுவர்கள் தள்ளித் தள்ளி நிற்கத் தொடங்கினார்கள், ஆளுக்கொரு தட்டு தனியாக வந்தது, ஒருவர் வெளியேறும்போது மற்றவர்கள் கட்டிப்பிடித்து வழியனுப்ப முடியாமல் தவித்தார்கள். நாமும் இங்கே வீட்டுக்குள் அடைந்துகிடந்த நாள்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே பகலைக் கடத்தியிருக்கிறேன். ரெனால்ட் பூர்னோமோவின் இனிப்புகள் அந்த சீசனில்தான் உச்சம். இந்தோனேஷியாவில் பிறந்து சிட்னியில் வளர்ந்தவர், சகோதரர்களோடு ‘கோய்’ என்று இனிப்புக்கென்றே கடை தொடங்கியவர். வீட்டுச் சாப்பாட்டுக் கட்சிக்காரியான நான் அவர் விஷயத்தில் மட்டும் விலக்கு வைத்திருக்கிறேன். சர்க்கரையைக் கண்ணாடி போல இழுத்து அவர் ஒரு தட்டை முடிக்கும்போது சாப்பிடவே கூடாது, பூஜை அறையில் வைக்க வேண்டும் என்று தோன்றும். மூன்றாமிடம் வந்தார்.

அப்புறம் பிரென்ட் டிரேப்பர். கிஷ்வரோடு 2021-இல் போட்டியிட்டவர். பாய்லர் தொழிலாளி, பெரிய உருவம், கூச்ச சுபாவம். நன்றாக முன்னேறிக்கொண்டிருந்தவர் ஒரு நாள் நடுவர்கள் முன்னால் வந்து, மனசு சரியில்லை, என்னால் தொடர முடியவில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்றார். கேமரா ஓடிக்கொண்டிருக்க, அத்தனை பேர் பார்க்க, ஓர் ஆண் அப்படிச் சொல்வது சாதாரணமா? யாரும் அவரை இழுத்து நிறுத்தவில்லை, யாரும் அதை நாடகமாக்கவில்லை. மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு வண்டியில் நாட்டைச் சுற்றக் கிளம்பினார். 2023-இல் திரும்பி வந்தார். ஜெயித்தார்!

அந்த சீசனை நான் பார்த்தது பாதி கண்ணீரோடுதான். ஒளிபரப்பு தொடங்குவதற்கு முந்தின நாள், ஏப்ரல் 30 அன்று, நடுவர் ஜாக் ஸோன்ஃப்ரில்லோ காலமாகிவிட்டார். ஒரு வாரம் தள்ளிவைத்து, குடும்பத்தின் சம்மதத்தோடு, அவர் இருக்கிற அத்தியாயங்களை அப்படியே ஒளிபரப்பினார்கள். தடுமாறுகிற போட்டியாளரின் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, இப்போது என்ன செய்யலாம் என்று கேட்கிற மனிதர் அவர்.  அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “நல்ல மனுஷன்டி” என்று மட்டும் சொன்னாள்.

போன இடத்துக்கே திரும்பி வருகிறவர்களுக்கு இந்த நிகழ்ச்சியில் எப்போதும் கதவு திறந்திருக்கிறது. மன அழுத்தத்தோடு நெடுநாள் போராடியதை வெளிப்படையாகப் பேசிய ஜூலி குட்வின் 2022-இல் மறுபடி அதே அரங்கத்தில் ஏப்ரன் கட்டினார். 2015-இல் ஜெயித்த பில்லி மெக்கே அதே 2022-இல் இரண்டாம் முறையும் ஜெயித்தார். இப்போது நடுவராக இருக்கும் ஆண்டி ஆலன் 2012-இல் ஜெயித்த போட்டியாளர்தான்.

2025-இல் பழையவர்களை மறுபடி வரவழைத்தார்கள். இறுதியில் யார் நின்றார்கள் தெரியுமா? லாரா ஷராட். எதிரே கேலம் ஹான்! இரண்டு முறை இரண்டாமிடம் வந்த பெண்ணும், 2010-இல் இருபது வயதில் இரண்டாமிடம் வந்த மனிதனும். இவர்களில் ஒருவர் தோற்றே ஆக வேண்டும் என்றால் என்ன செய்வது? அன்று இரவு நான் சாப்பிட உட்காரவே இல்லை. கேலமின் சமையலில் ஓர் அமைதி உண்டு, மேஜையில் ஒரு துளி சிந்தாது. லாரா கையில் மாவு இருக்கும் வரை யாராலும் அவரை அசைக்க முடியாது. லாரா ஜெயித்தார். மூன்றாவது தடவையில்!

நான் அலுவலகத் தோழிக்கு உடனே போன் போட்டேன். “பாஸ்தாவா?” என்றாள். “பாஸ்தாதான்!” என்று கத்தினேன். அவளும் சந்தோஷமாகச் சிரித்தாள். ஐந்து வருஷத்து வாதம் அன்றைக்குத் தீர்ந்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா முகம் வாடியிருந்தது.

“அந்தப் பையன் ரெண்டாவது தடவையும் ரெண்டாவதுதானா?”

“ஆமாம்மா.”

“திரும்ப வருவான், நீ வேணா பாரு. சின்ன வயசுதான.”

வரட்டும். அன்றைக்கு எதிரே லாராவே நின்றாலும் சரி, என் ஓட்டு கேலமுக்குத்தான்.